பொய்ப் பக்தியைச் சாடிய எல்லைப்புறப் பாட்டுக்கள்

களியக்காவிளைச் சந்தையைத் தாண்டி வடக்கு நோக்கி வந்தால் இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊர்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக் கொண்டு நிற்கின்றன. மாநில எல்லை எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்பதைப் பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பேச்சைக் கேட்டுச் சொல்ல முடியாது. தமிழில் தொடங்கிய வாக்கியம் மலையாளத்தில் முடியும். மலையாளத்தில் விலை கேட்டவருக்குத் தமிழில் பதில் வரும்.

இந்தச் சாலையில் பாட்டுக்கும் பஞ்சமில்லை. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி, அதைத் தொடர்ந்து பள்ளிவாசலின் பாங்கு, ஞாயிற்றுக்கிழமையானால் தேவாலயத்தின் தமிழ்க் கீர்த்தனையும் மலையாள கீதமும். கார்த்திகை பிறந்து விட்டால் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்களின் வேன்கள் தமிழ்நாட்டிலிருந்து வரிசையாக இந்த வழியே போகும். சரண கோஷம் நள்ளிரவிலும் ஓயாது.

இத்தனை பக்திப் பாட்டுக்களுக்கும் நடுவே, இதே மண்ணில் இன்னொரு வகைப் பாட்டும் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வந்திருக்கிறது. அது சாமியைப் பாடுவதோடு நிற்காது, சாமியின் பெயரைச் சொல்லிச் சக மனிதனைத் தள்ளி நிறுத்துகிறவனைப் பார்த்து, “நீ செய்வது நியாயமா?” என்று கேட்கும். அந்தக் கேள்விப் பாட்டுக்களின் வரலாறு நெய்யாற்றின் கரையில் வாழும் தமிழர்கள் தெரிந்து கொள்ள வேண்டியது. ஏனெனில் அதில் பாதி தமிழில் எழுந்தது. மீதிப் பாதியில் தமிழின் மணம் இருக்கிறது.

ஒரு பாட்டும் ஒரு புகாரும்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மண்டல பூஜைக்காகச் சபரிமலை நடை திறந்திருந்த சமயம். ‘ஐ ஆம் ஸாரி ஐயப்பா’ என்ற தமிழ்ப் பாட்டைப் பற்றித் திடீரெனப் பெரும் சர்ச்சை கிளம்பியது. பாட்டோ புதிதல்ல. சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களும் செல்லலாமா என்ற வழக்கு நாடெங்கும் பேசப்பட்ட 2018ஆம் ஆண்டுக் காலத்தில் எழுந்தது அது. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற சென்னை இசைக்குழுவின் பாடகி இசைவாணி பாடியது. சென்னை கானாவும் ராக்கும் ராப்பும் கலந்து பாடும் இந்தக் குழு, திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடை ஏறியது.

பெண் உள்ளே வந்தால் என்ன தவறு என்று கேட்பதுதான் அந்தப் பாட்டின் சாரம். விரதம் இருக்கும் பக்தர்களின் மனம் புண்பட்டதாகப் பல ஊர்களில் புகார்கள் கொடுக்கப்பட்டன. தனக்கு மிரட்டல்கள் வருவதாகப் பாடகியும் போலீஸில் புகார் கொடுத்தார். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் இந்தச் சாலையோர ஊர்களிலும் உண்டு. நாற்பத்தொரு நாள் நோன்பிருந்து மலைக்குப் போகிறவருடைய வருத்தம் போலியானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேத்தி கேட்கும் கேள்வியையும் ஒரே அதட்டலில் அடக்கிவிட முடியாது.

மேல்நாடுகளிலும் இத்தகைய பாட்டுக்கள் உண்டு. தொழிற்சாலை இயந்திரங்களின் இரைச்சலையே தாளமாக்கி, இரும்பு இரும்போடு உராய்வது போல் ஒலிக்கும் ‘இன்டஸ்ட்ரியல் ராக்’ என்ற இசை அங்கே பிறந்தது. ‘நைன் இஞ்ச் நெயில்ஸ்’ என்ற அமெரிக்கக் குழு 1994இல் வெளியிட்ட இசைத்தட்டில் மத நம்பிக்கையையே கடுமையாகச் சாடும் பாட்டு ஒன்று இடம் பெற்றது. அதற்கு இரண்டாண்டு முன்பு, டெலிவிஷனில் தோன்றிப் பிரசங்கம் செய்து பணம் திரட்டும் பாதிரிமார்களைக் கேலி செய்து ‘ஜெனஸிஸ்’ என்ற ஆங்கிலேயக் குழு பாடிய பாட்டு உலகெங்கும் விற்றது.

இயந்திர இரைச்சல் இந்த வட்டாரத்துக்கும் அன்னியமல்ல. நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த பாலராமபுரத்தில் இருநூறு ஆண்டுகளாகத் தறி ஓசை கேட்டு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராம வர்மா மகாராஜாவின் காலத்தில், தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் குடும்பங்கள் அங்கே குடியேறின. முல்லாவையும் பண்டிதரையும் ஒரே மூச்சில் கண்டித்துப் பாடிய காசி நகரத்துக் கபீர்தாசரும் தறியில் உட்கார்ந்திருந்தவர்தான். கை உழைப்பில் நாளைக் கழிக்கிறவனுக்கு, உழைக்காமல் உபதேசிப்பவனைக் கண்டால் பாட்டு வருவது இயற்கைதானே!

சித்தர்கள் போட்ட விதை

தமிழில் இந்த மரபுக்கு மூத்தவர்கள் சித்தர்கள். அவர்களிலும் சிவவாக்கியரின் குரல் தனியானது. கல்லைச் சுற்றி வந்து முணுமுணுப்பதால் என்ன பயன், ஆற்றில் மூழ்கி எழுவதால் மனத்து அழுக்குப் போகுமா, பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன் என்பதற்கு உடம்பில் அடையாளம் ஏது என்று அடுக்கடுக்காகக் கேட்டவர் அவர். இத்தனையும் கேட்டவர் நாத்திகர் அல்லர். சிவனை நெஞ்சுக்குள் தேடியவர். அதனால்தான் அவருடைய பாட்டுக்களைக் கோயிலுக்குப் போகிறவர்களும் பாடினார்கள். போக முடியாதவர்களும் பாடினார்கள்.

படிப்பறிவில்லாதவர்களும் நினைவில் வைத்துக் கொள்ளும்படி, உரலில் உலக்கை விழுவது போன்ற தாளத்தில் அமைந்தவை அந்தப் பாட்டுக்கள். அச்சுப் புத்தகம் வருவதற்கு முன்பே பண்டாரங்களும் பரதேசிகளும் அவற்றைப் பாடிக் கொண்டு அகஸ்தியர் மலை அடிவாரத்திலும் மருத்துவாமலைச் சாரலிலும் திரிந்தார்கள். தென் திருவிதாங்கூரின் பின்னாளைய கலகக் குரல்களுக்கு அந்த நடமாட்டமே பாதை போட்டது.

சிங்காரத்தோப்புச் சிறை

அந்தப் பாதையில் முதலில் வந்தவர் சாமிதோப்பு வைகுண்டர். 1809ஆம் ஆண்டு பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு முடிசூடும் பெயரா என்று மேல்சாதியார் ஆட்சேபித்ததால், முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பெயர் வைத்துக் கொள்ளவும் உரிமை இல்லாத காலம் அது! தலையில் பாகை கட்டக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. தலைவரி முதலாக எண்ணற்ற வரிகளை மட்டும் தவறாமல் கட்ட வேண்டும்.

1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தார் என்று அவருடைய அன்பர்கள் போற்றும் அவர், பூசாரியை நம்பாதே, காணிக்கை போடாதே, உயிர்ப்பலி கொடாதே என்று போதித்தார். தலையில் பாகை கட்டிக் கொண்டே வந்து வணங்கு என்றார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்து ஒன்றாக உண்ணச் செய்தார். அவருடைய வழிபாட்டிடங்களில் சிலை இல்லை. நிலைக்கண்ணாடியும் விளக்கும் இருந்தன. கண்ணாடிக்கு முன் நின்றவன் தன்னையே கண்டான். வெளியே தேடும் இறைவன் உன்னுள்ளே இருக்கிறான் என்ற பெரிய தத்துவத்தை ஒரு கண்ணாடித் துண்டு சொல்லிக் கொடுத்தது.

சமஸ்தானம் சும்மா இருக்குமா? சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 1838இல், அவர் கைது செய்யப்பட்டுத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டார். நூற்றுப்பத்து நாள் சிறை என்பது அன்பர்களின் மரபு. 1839இல் விடுதலையாகித் தெற்கே திரும்பினார். இன்றும் அவருடைய அவதார தினமான மாசி 20ஐ ஒட்டித் திருவனந்தபுரத்திலிருந்து புறப்படும் ஊர்வலம், காவிக் கொடிகளோடு தெற்கு நோக்கி வருகிறது.

சிறையிலிருந்து மீண்ட பிறகு, 1841ஆம் ஆண்டில், அவருடைய சீடர் அரிகோபாலன் சீடர் எழுதியது ‘அகிலத்திரட்டு அம்மானை’. பதினைந்தாயிரம் அடிகளுக்கு மேற்பட்ட பெருங்காவியம். சாதியின் பெயரால் கொடுமை செய்த ஆட்சியை ‘கலிநீசன்’ ஆட்சி என்று பெயரிட்டுக் கண்டித்த நூல். 1939இல்தான் அது அச்சேறியது. அதுவரை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஓலைச்சுவடியிலும் மனிதர்களின் தொண்டையிலும் வாழ்ந்தது. இன்றும் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் திருஏடு வாசிப்பு என்ற விழாவில் ராகம் போட்டு அது படிக்கப்படுகிறது. விளவங்கோட்டுக்காரரானாலும் நெய்யாற்றின்கரைக்காரரானாலும் அந்த ராகத்தைக் கேட்டால் நின்று காது கொடுத்துவிட்டுத்தான் போவார்.

பெண்களின் மேலாடை உரிமைக்காகப் பல்லாண்டு நடந்த போராட்டம், 1859 ஜூலை மாதத்து அரச விளம்பரத்தில் ஓரளவு வெற்றி கண்டது. ஆனால் கோயில் வாசல் மட்டும் அப்போதும் திறக்கவில்லை.

ஆற்றில் எடுத்த கல்

நெய்யாற்றின்கரையிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் அருவிப்புறம். பாறைகளுக்கிடையே நெய்யாறு சலசலத்து ஓடுகிறது. பின்னால் கொடிதூக்கி மலை. 1888ஆம் ஆண்டு மகா சிவராத்திரி இரவில் இந்த இடத்தில் நடந்த ஒரு சிறிய காரியம், கேரளத்தின் தலைவிதியையே மாற்றியது.

செம்பழந்தியில் ஈழவர் குடும்பத்தில் பிறந்து, துறவியாக அலைந்து, அருவிப்புறத்துக் குகையில் தங்கியிருந்த நாராயண குரு, அன்றிரவு ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்தார். சங்கரன் குழி என்று அழைக்கப்படும் ஆழமான இடத்திலிருந்து எடுத்தார் என்பது மரபு. அந்தக் கல்லையே சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். தந்திரி இல்லை, வேத விற்பன்னர் இல்லை, சமஸ்தான அனுமதி இல்லை. கூடியிருந்த ஏழை ஜனங்களின் கண்ணீரும் பஞ்சாட்சரமுமே மந்திரம்.

பிராமணர் அல்லாதவர் பிரதிஷ்டை செய்ய என்ன அதிகாரம் என்று கேள்வி எழுந்தது. தாம் பிரதிஷ்டை செய்தது ஈழவர்களின் சிவனைத்தான், மற்றவர்களுடைய சிவனை அல்லவே என்று குரு அமைதியாகச் சொன்னதாக மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். இதைவிடக் கூர்மையான அங்கதம் வேறு ஏது? கடவுள் ஒருவரே என்று காலையில் ஓதிவிட்டு, மாலையில் இவன் வாசலுக்கு வரக் கூடாது என்று சொல்கிறவர்களுக்கு, அப்படியானால் சிவனும் சாதிக்கொருவரா என்று திருப்பிக் கேட்டது அந்த ஒரு பதில்.

கோயிலின் முகப்பில் ஒரு செய்யுளும் எழுதப்பட்டது. சாதி வேறுபாடும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறந்தாராக வாழும் முன்மாதிரி இடம் இது என்பது அதன் பொருள். சில சொற்களே கொண்ட பாட்டு. அந்தச் சில சொற்கள், கோயில்கள் அதுவரை சொல்லாததைச் சொல்லின. உள்ளே போகத் தகுதி என்ன என்று பட்டியல் போடும் வாசல்களுக்கிடையே, உள்ளே வருகிறவன் எதை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும் என்று கேட்ட முதல் வாசல் அது.

அருவிப்புறக் கோயிலைச் சுற்றி உருவான சங்கமே வளர்ந்து, 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாயிற்று. மகாகவி குமாரன் ஆசான் அதன் முதல் பொதுச் செயலாளர். அருவிப்புறத்துப் பிரதிஷ்டைக்கு நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1936 நவம்பர் 12ஆம் தேதி, சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேச விளம்பரத்தை வெளியிட்டார்.

கல்லிலிருந்து கண்ணாடி வரை

இங்கே ஒரு கேள்வி எழலாம். கல்லை வணங்குவதைச் சித்தர்கள் சாடினார்கள். அந்த மரபை நன்கு அறிந்த குரு ஏன் கல்லையே நட்டார்?

கோயிலுக்குள் இருந்து கொண்டு கோயில் வேண்டாம் என்பது ஞானம். கோயிலுக்கு வெளியே துரத்தப்பட்டவனிடம் போய்க் கோயில் வேண்டாம் என்றால் அது கேலியாகத்தான் படும். முதலில் அவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கட்டும், பிறகு அதைத் தாண்டிப் போகலாம் என்று குரு கருதியிருக்க வேண்டும். பின்னால் அவர் செய்த பிரதிஷ்டைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது விளங்கும். சிவகிரியில் 1912இல் கல்விக் கடவுளான சாரதை; 1920களில் ஒரு கோயிலில் வெறும் விளக்கு; முருக்கும்புழையில் 1922இல் சத்தியம், தர்மம், தயை என்ற சொற்கள்; 1927இல் களவங்கோட்டில் கண்ணாடி. சாமிதோப்பில் வைகுண்டர் வைத்த அதே கண்ணாடி! இனிமேல் கோயில் வேண்டாம், பள்ளிக்கூடம் கட்டுங்கள் என்றும் கடைசிக் காலத்தில் குரு சொன்னார்.

தமிழர்கள் பெருமைப்படத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. குரு தமிழை ஆழ்ந்து கற்றவர். ‘தேவாரப் பதிகங்கள்’ என்ற பெயரில் தமிழிலேயே பாடியிருக்கிறார். திருக்குறளின் சில அதிகாரங்களையும், ‘ஒழிவில் ஒடுக்கம்’ என்ற தமிழ் ஞான நூலின் பகுதியையும் மலையாளத்தில் தந்திருக்கிறார். அவருடைய ‘குண்டலினிப் பாட்டு’ மலையாளத்தில் அமைந்தது. ஆனாலும் அதைக் கேட்ட தமிழருக்குப் பாம்பாட்டிச் சித்தர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். மருத்துவாமலைக் குகையில் அவர் தவம் இருந்தார். அவருக்கு யோகம் பயிற்றியவர் தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்ற தமிழர். திருவனந்தபுரத்து ரெஸிடென்ஸியில் உத்தியோகம் பார்த்தவர். சட்டம்பி சுவாமிகளும் அவரிடம் பயின்றவர்தான். உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று பாராமல் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட்டதற்காக, அய்யாவு சுவாமிகள் சொந்தக்காரர்களாலேயே பழிக்கப்பட்டார் என்பர்.

வில்வண்டியும் பள்ளிக்கூடமும்

அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் அய்யன்காளி. நெய்யாற்றின்கரைத் தாலுகா வெங்கானூரில் 1863இல் பிறந்தவர். புலையர் பொதுப்பாதையில் நடக்கக் கூடாது என்றிருந்த நாளில், 1893இல், தலைப்பாகை கட்டி, மணி கட்டிய காளைகள் பூட்டிய வில்வண்டியில் ஏறி அதே பாதையில் போனார். அந்தக் காளைகளின் மணியோசையையும் ஒரு பாட்டு என்றே சொல்ல வேண்டும். எதிர்த்தவர்களின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்!

ஊரூட்டம்பலத்துப் பள்ளிக்கூடத்தில் பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்க்க அவர் அழைத்துப் போனபோது கலவரம் மூண்டு, பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது. பிள்ளை தொட்ட பெஞ்சு தீட்டு. அந்தப் பிள்ளையின் அப்பன் அறுத்த நெல் மட்டும் தீட்டில்லை! இந்த முரண்பாட்டை அய்யன்காளி பாடிக் காட்டவில்லை. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயல்களில் புல் முளைக்கும் என்று வேலை நிறுத்தமே செய்து காட்டினார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அவர், 1911இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினரானார். இன்று அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவருடைய பெயரும் சூட்டப்பட்டுள்ளது.

சிலுவையின் நிழலிலும்

குறை கோயிலில் மட்டும்தான் இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் சங்கத்தார் நெய்யூரிலும் பாறசாலையிலும் நிலையங்கள் அமைத்தார்கள். பள்ளிக்கூடமும் மருத்துவமும் தமிழ்க் கீர்த்தனையும் ஏழைகளிடம் வந்தன. அடிமைகளாக இருந்தவர்கள் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். ஆனால் திருவிதாங்கூரின் தேவாலயங்கள் பலவற்றுக்குள் சாதியும் மெல்லப் பின்வாசல் வழியாக நுழைந்தது.

அதைப் பாட்டிலேயே கேட்டவர் திருவல்லாப் பக்கத்து இரவிபேரூரைச் சேர்ந்த பொய்கையில் யோகன்னான். பறையர் குலத்தில் பிறந்து, கிறிஸ்தவ உபதேசியாக இருந்து, சபைக்குள்ளும் தம் மக்கள் ஒதுக்கப்படுவதைக் கண்டு வெளியேறியவர். பொய்கையில் அப்பச்சன் என்று அன்பர்கள் அழைத்த அவர் தொடங்கியது ‘பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை’. வரலாற்றுப் புத்தகங்களில் தம் மூதாதையரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதப்படவில்லையே என்ற ஏக்கத்தை அவருடைய மலையாளப் பாட்டுக்கள் கேட்டவர் உருகும்படி சொல்லின. கோயிலானாலும் தேவாலயமானாலும் கேள்வி ஒன்றுதான்: வாயில் அன்பு, வாசலில் வேலி என்றால் அது என்ன பக்தி?

சிரிக்க வைத்துச் சிந்திக்க வைத்தவர்

கண்ணீரால் கேட்டவர்களுக்குப் பிறகு சிரிப்பால் கேட்க ஒருவர் வந்தார். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29ஆம் தேதி பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அவர் பிறந்த காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அந்த வகையில் நெய்யாற்றின்கரைக்காரர்களுக்கும் அவர் சொந்த ஊர்க்காரரே. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். வில்லுக்கோலும் குடமும் உடுக்கையும் சேர்ந்த அந்தக் கலை, கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டுமின்றித் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியிலும் ‘வில்லடிச்சான் பாட்டு’ என்ற பெயரில் சுடலை மாடனுக்கும் இசக்கியம்மைக்கும் முன்னால் ஒலித்து வந்தது.

கோயில் கொடையில் இருந்த வில்லைக் கலைவாணர் பொது மேடைக்குக் கொண்டு வந்தார். காந்தி மகான் கதையை வில்லில் பாடினார். அதை எழுதித் தந்த சுப்பு ஆறுமுகம் பின்னாளில் அக்கலையின் பெரும் புலவராக விளங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் காலமானார்.

கலைவாணரின் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம் இந்த மரபின் சிகரம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை அறியாத தமிழர் இல்லை. சிதம்பரம் போக ஏங்கிய நந்தன், நெருப்பில் மூழ்கித்தான் உள்ளே போக முடிந்தது. கலைவாணரின் கிந்தனோ சிதம்பரம் போக விரும்பவில்லை. பட்டணம் போய்ப் படிக்க விரும்பினான். படித்து, கல்வி அதிகாரியாகத் தன் கிராமத்துக்கே திரும்பி வந்தான். நேற்று அவனை விரட்டியவர்கள் இன்று கை கட்டி நின்றார்கள். பாகவதர் வேடத்தில், ஜால்ராவும் சுருதியும் குறையாமல், பழைய காலட்சேபத்தின் மெட்டிலேயே கலைவாணர் இதைச் சொன்னபோது சனாதனிகளும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு கோபப்படுவது கடினம் அல்லவா? 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்திலும் கிந்தனார் இடம் பெற்றார்.

பாட்டு மாட்டிக் கொள்ளும் வலை

இத்தனை பேரையும் ஒன்று சேர்த்துப் பார்த்தால் சில உண்மைகள் புலப்படும்.

முதலாவது, இவர்கள் எல்லோரும் எதிராளிக்குப் பழக்கமான கருவியையே எடுத்துக் கொண்டார்கள். வைகுண்டரின் சீடர் அம்மானை என்ற பழைய வடிவத்தில் எழுதினார். குரு கோயிலைக் கொண்டே கோயிலைக் கேட்டார். கலைவாணர் காலட்சேபத்தைக் கொண்டே காலட்சேபத்தைக் கேட்டார். இன்றைய இளைஞர்கள் எலெக்ட்ரிக் கிட்டாரையும் கானாவையும் எடுத்திருக்கிறார்கள். கேட்கிறவர் காதுக்குப் பழகிய தாளம் என்றால் கேள்வி உள்ளே போய்விடும். பழகாத தாளம் என்றால் வாசலிலேயே சண்டை வந்துவிடும். ஐயப்பன் பாட்டுக்கு நேர்ந்ததில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, கடவுளை ஏசுவது வேறு, கடவுளின் பெயரால் நடக்கும் கபடத்தை ஏசுவது வேறு. ஆனால் ஏசப்படுகிறவர்கள் எப்போதும் முதலாவதுதான் நடந்தது என்று புகார் செய்வார்கள். வைகுண்டர் மீது நடந்த விசாரணையும் அப்படித்தான். அருவிப்புறத்தில் கிளம்பிய ஆட்சேபமும் அப்படித்தான். பாடுகிறவர்களுக்கும் இங்கே ஒரு பொறுப்பு உண்டு. ஏழை பக்தனின் நம்பிக்கையை உதைத்துவிட்டு, கபடக்காரனை உதைத்தேன் என்று சொல்லக் கூடாது. சிவவாக்கியர் முதல் கலைவாணர் வரை யாரும் ஏழையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டுக்கள் இன்றும் நிலைப்பதற்கு அது ஒரு காரணம்.

மூன்றாவதுதான் மிகவும் வருத்தத்துக்குரியது. பொய்ப் பக்தியைச் சாடியவர்களுக்கும் காலப்போக்கில் பொய்ப் பக்தர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். சாதி கேளாதே என்ற குருவின் படத்தைக் கூடத்தில் மாட்டி மாலை போட்டுவிட்டு, கல்யாணத் தரகரிடம் முதலில் சாதியைக் கேட்கும் வீடுகள் எல்லையின் இரு பக்கமும் உண்டு. காணிக்கை வேண்டாம் என்றவரின் பெயரால் நன்கொடை ரசீது நீட்டப்படுவதும் உண்டு. கலைவாணர் சிலைக்கு மாலை போட்டுவிட்டு, டீக்கடையில் இரட்டைத் தம்ளர் வைத்த ஊர்களும் தமிழகத்தில் இருந்தன. பாட்டை எதிர்ப்பதைவிடச் சுலபமான வழி, பாட்டைக் கும்பிட்டுவிட்டு மறந்துவிடுவது!

நெய்யாற்றின்கரையின் இன்னொரு குரல்

இந்த வட்டாரத்தின் இசை வரலாற்றில் ஒரு பெயரைச் சொல்லாமல் முடிக்க இயலாது. நெய்யாற்றின்கரை அருகே எளிய குடும்பத்தில் 1940இல் பிறந்த வாசுதேவன், திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் பயின்றார். ராமநாதபுரம் கிருஷ்ணன், செம்மங்குடி சீனிவாசய்யர் போன்ற தமிழக வித்துவான்களின் வழியில் சங்கீதம் கற்றார். 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2008இல் மறைந்தார். அவர் புரட்சிப் பாட்டு எதுவும் பாடவில்லை. தியாகராஜரையும் சுவாதித் திருநாளையும்தான் பாடினார். ஆனால் எந்தக் குலத்தில் பிறந்தவருக்கு எந்த மேடை என்று ஊர் பங்கிட்டு வைத்திருந்த கணக்கை, நெய்யாற்றின்கரை என்ற ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக் கொண்டு மேடையில் உட்கார்ந்த ஒரே காரியத்தால் மாற்றி எழுதினார்.

1956 நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்தது, பாட்டில் விழவில்லை. அம்மானை வாசிப்பும் வில்லடியும் குருவின் தமிழ்ப் பதிகமும் இரு பக்கத்துக்கும் பொதுச் சொத்தாகவே இருக்கின்றன. அந்தச் சொத்தில் தங்களுக்கும் பங்கு உண்டு என்பதை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அறியாமலே வளர்கிறார்கள். பள்ளியில் அவர்கள் குருவை மலையாளப் பாடத்தில் படிக்கிறார்கள். அவர் தமிழிலும் பாடினார் என்று வீட்டில் யாராவது சொன்னால்தான் உண்டு.

சிவராத்திரி அன்று அருவிப்புறத்தில் இன்றும் பெருங்கூட்டம் கூடுகிறது. ஆற்றில் குளித்து, ஈர உடையோடு வந்து, கல்லைத் தொழுது போகிறார்கள். பாறசாலையிலிருந்தும் வருகிறார்கள், களியக்காவிளைக்கு அப்பாலிருந்தும் வருகிறார்கள். வாசலில் எழுதியிருப்பதைத் தமிழ்க் குழந்தைக்கு எழுத்துக் கூட்டிப் படித்து, பொருள் சொல்லித் தரும் தாயையும் அந்தக் கூட்டத்தில் காணலாம். சாதி பார்க்கக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது, அப்படியானால் நாம் ஏன் பார்க்கிறோம் என்று அந்தக் குழந்தை திருப்பிக் கேட்டால், பழைய பாட்டு அங்கே மறுபடியும் தொடங்கிவிட்டது என்று பொருள்.